முப்பத்தொரு சதுரங்கள்

உடுவில்
12.02.2024

அன்புள்ள அண்ணைக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் பிறேமும் மகள் டிலக்ஷியும் சுகம். பண்டாரவளைக் குளிருக்கு உங்கள் முட்டு என்ன சொல்கிறது, மூச்சு இழுக்கிறதா? எழுதுங்கள்.

உங்கள் போனுக்கு நாலு தரம் எடுத்துப் பார்த்துக் களைத்துவிட்டேன். எடுத்தாலும் இன்றைக்கு மழை இத்தனை மில்லிமீற்றர் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவீர்கள். வானிலை நிலையத்தில் இருபத்தைந்து வருடம் மழை அளந்தவரிடம் வேறென்ன கதை வரும்? நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோதும் அப்படித்தான். ஒரு இரவுகூடத் தங்கவில்லை. நீங்கள் கொண்டுவந்த தகரப் பேணியில் தேத்தண்ணி குடித்து, அதை நீங்களே கழுவிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். அதனால் பழையபடி கடிதம். கடிதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு.

போன செவ்வாய் நல்லூர் ரியூட்டரியில் பத்தாம் வகுப்புக்கு வட்டம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பலகையில் ஒரு நாண் கீறினேன். கீறிவிட்டுப் பார்த்தால் கோடு நடுவில் தொய்ந்து கிடக்கிறது. “ஆர் உந்தக் கோட்டை வளைச்சது?” என்று கேட்டேன். முன்வாங்கில் இருந்த பிள்ளை, “ரீச்சர், கோடு நேராத்தான் நிக்குது” என்றாள். வலக்கண்ணைப் பொத்தினேன், வளைந்தது. இடக்கண்ணைப் பொத்தினேன், நிமிர்ந்தது. ஆகவே பிழை இடக்கண்ணில். நிறுவல் முடிந்தது.

அடுத்த நாளே கண் டொக்டரிடம் போனேன். ஆள் யாரென்று நினைக்கிறீர்கள்? தக்சாயினி. விடையை மட்டும் எழுதிவிட்டுக் கணக்குச் செய்கை காட்டவில்லை என்று வகுப்பில் நான் புள்ளி வெட்டிய அதே தக்சாயினி. மருந்து விட்டுக் கண்மணியை விரித்து அரை மணித்தியாலம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “விழித்திரைக்கு அடியிலை வெள்ளைப் புள்ளியள் கிடக்கு, ரீச்சர். உள்ளுக்கை அழற்சி. ஆனா புள்ளி எண்டது கேள்விதான், விடை இல்லை. இதே மாதிரிப் புள்ளியைப் பத்து நோய் வருத்தம் போடும். எது எண்டு கண்டுபிடிக்க வேணும். அவசரப்பட்டு விடை எழுதமாட்டன்.”

எனக்கே பாடம்.

வாரம் ஒரு தரம் சதுர றூல் கொப்பித் தாளின் நடுவில் புள்ளி வைத்து, இடக்கண்ணால் மட்டும் அதைப் பார்த்து, காணாமல்போகும் சதுரங்களைப் பென்சிலால் நிரப்பச் சொன்னாள். ஒன்று அவளுக்கு, ஒரு பிரதி எனக்கு. என் பிரதி வீட்டில் கிடந்தால் பிறேம் எண்ணி எண்ணி உருகிப்போவார். நீங்கள் அளக்கிற ஆள், பதறமாட்டீர்கள். ஆகவே உங்களுக்கு அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தின் பின்பக்கம் பாருங்கள். ஒன்பது சதுரங்கள்.

பயம் இல்லை. குளிருக்குக் காதை மூடுங்கள்.

அன்புத் தங்கை,
ரஞ்சினி


பண்டாரவளை
24.02.2024

அன்பின் தங்கச்சிக்கு,

நான் நலம். முட்டு இல்லை. நீங்கள் மூவரும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன்.

உன் தாளை மூன்று தரம் எண்ணினேன். ஒன்பதுதான். நிலையத்தில் ஒரு புதுக் கோவை திறந்து, திகதி இட்டு அதில் வைத்திருக்கிறேன். இங்கே நேற்று 14.2 மில்லிமீற்றர் மழை. நீ சிரிப்பாய் என்று தெரியும்.

டொக்டர் சொல்வதைக் கேள். வகுப்புகளைக் குறை. சின்ன வயதில் ஷெல் விழுந்த சத்தத்துக்கே “அது தூரத்திலை” என்று தூரம் கணக்கிட்டவள் நீ. இதற்கும் பயப்படமாட்டாய். உனக்கும் சேர்த்து நான் பயப்பட்டுக்கொள்கிறேன்.

பிறேமுக்கும் பிள்ளைக்கும் என் அன்பு.

அண்ணன்,
அருள்நேசன்


உடுவில்
11.03.2024

அன்புள்ள அண்ணைக்கு,

மூவரும் சுகம். என் கண்ணை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

தக்சாயினி என்னை விசாரணைக்கு எடுத்திருக்கிறாள். வீட்டில் பூனை இருக்கிறதா? வாய்ப்புண் வருவதுண்டா? மூட்டு வீங்குமா? பிறகு, பிறேமை வெளியே அனுப்பாமலே, உடலுறவால் வரும் வருத்தம் ஏதும் உண்டா என்றும் கேட்டாள். பிறேம் சுவரில் இருந்த கண் படத்தைப் பாடமாக்கத் தொடங்கிவிட்டார். எல்லாவற்றுக்கும் இரத்தம் எடுத்தாயிற்று. பூனை போயிற்று, மற்றதும் போயிற்று. பத்தில் ஏழை வெட்டிவிட்டாள்.

மிஞ்சியதில் ஒன்று கசம், அதுதான் காசநோய். எனக்குச் சிரிப்பு வந்தது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எக்ஸ்றேயில் நெஞ்சு துப்புரவு. கசம் நெஞ்சில் சத்தம் போடாமல் கிடந்து, வருடக்கணக்கின் பின் கண்ணில் முளைக்கலாம் என்கிறாள். கண்ணில் வந்தால் மற்றவருக்குத் தொற்றாதாம். கையில் ஊசி போட்டு மூன்றாம் நாள் தடிப்பை அளந்தாள். பதினொரு மில்லிமீற்றர். உங்களைப் போலவே அளக்கிறாள். பதினைந்து என்றால் ஓம் என்பாளாம், ஐந்து என்றால் இல்லை என்பாளாம். பதினொன்று குழந்தையில் போட்ட தடுப்பூசியாலும் வரும்.

“வீட்டிலை ஆருக்கும் கசம் இருந்ததோ, ரீச்சர்? ஒரே அறையிலை இருந்த ஆக்கள்?”

“எங்கடை குடும்பத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை” என்றேன். அம்மா எனக்குக் கலியாணம் பேசிய காலத்தில் தரகருக்குச் சொன்ன அதே வசனம், அதே குரல். அவள் பேனையை வைத்துவிட்டுச் சொன்னாள்: “இஞ்சை ஆரும் மாப்பிள்ளை பார்க்க வரேல்லை, ரீச்சர். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

யோசித்தேன். இல்லை. படிவத்தில் வீட்டில் யாருக்கும் கசம் இருந்ததா என்ற இடத்தில் “இல்லை” என்று மையால் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். இருந்தாலும் செய்கை காட்ட வேண்டுமே. நீங்கள் எனக்கு எட்டு வயது மூப்பு. எங்கள் வீட்டில் யாருக்காவது இருந்ததா? ஒரு வரி எழுதுங்கள். போன் எடுத்தேன், நீங்கள் எடுக்கவில்லை.

சதுரங்கள் பதினொன்று.

அன்புடன்,
ரஞ்சினி


பண்டாரவளை
16.04.2024

அன்பின் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. பதில் பிந்தியதற்கு மன்னித்துக்கொள். மழைமானியை மாற்றினார்கள், பதிவுகள் அதிகம். நான் நலம்.

நீ கேட்டதற்கு: அப்பாவுக்கு நீரிழிவு. அம்மாவுக்கு இரத்த அழுத்தம், கடைசியில் சிறுநீரகம். பெரியப்பாவுக்குக் கண்புரை, இரண்டு கண்ணும் வெட்டினார்கள். ஐரிஸ் மாமிக்குக் கழுத்தில் கழலை. டொக்டரிடம் இவற்றைச் சொல்.

இங்கே பேர்ஸ் பழம் காய்த்திருக்கிறது. தெரிந்த ஒருவர் யாழ்ப்பாணம் வருகிறார், கொடுத்துவிடுகிறேன். இரவில் வாசிக்காதே. உன் பதினொரு சதுரத் தாளையும் கோவையில் வைத்தேன்.

அண்ணன்,
அருள்நேசன்


உடுவில்
14.05.2024

அன்புள்ள அண்ணைக்கு,

பேர்ஸ் பழம் வந்தது, நன்றி. வீட்டில் எல்லோரும் சுகம். இந்த முறை கொஞ்சம் நேராக எழுதுகிறேன்.

கசம் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த பலத்தில், உடம்பே கண்ணைத் தாக்குகிற வகையாக இருக்கலாம் என்று தக்சாயினி ஸ்டீரொயிட் குளிசை தொடங்கினாள். முதல் இரண்டு கிழமை சதுரம் பதினொன்றிலிருந்து நாலுக்கு வந்தது. பிறேம் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தார். நான் பலகையில் வட்டம் கீறி ரசித்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் கிழமை பதினாறு. நேற்று முப்பத்தொன்று. பின்பக்கம் பாருங்கள், தாளின் நடு முழுக்கக் கறுப்பு. உங்கள் முகத்தை நினைத்துப் பார்த்தால் முகம் வருகிறது. ஆனால் இடக்கண்ணால் பிறேமைப் பார்த்தால் காது இரண்டும் இருக்கிறது, மூக்கு இல்லை.

அதைவிட, வலக்கண்ணிலும் இரண்டு சதுரம். அது எனக்குப் பிடிக்கவில்லை, அண்ணை. ஒரு கண்ணோடு படிப்பிக்கலாம். அதுவும் போனால் நான் யார்?

தக்சாயினி கைவிட்ட மாதிரிப் பேசவில்லை. “புள்ளியின்ரை ஓரம் ஊர்ந்து ஊர்ந்து போகுது, ரீச்சர். எனக்கு இரண்டு பாதை இருக்கு. ஒண்டு, உடம்பின்ரை எதிர்ப்பை இன்னும் பலமா அமத்துற மருந்து. மற்றது, கசத்துக்கு நாலு மருந்து, மாதக்கணக்கா. கசமா இருக்கேக்கை முதல் பாதையிலை போனால் வலக்கண்ணும் போகும். கசம் இல்லாட்டி இரண்டாவதிலை நாள் வீணாகும், ஈரலுக்கும் பாரம்.” ஜூன் பத்தாம் திகதி நெஞ்சு டொக்டரோடு இருந்து முடிவு எடுப்பாள். ஊசி பதினொன்றில் நிற்கிறது. தராசின் நடுமுள் அது. ஒரு சின்னப் பாரம் விழுந்தால் எந்தப் பக்கமென்று தெரிந்துவிடும் என்கிறாள்.

வேறு யாரிடம் கேட்பேன்? அப்பாவும் அம்மாவும் இல்லை. இன்னொரு தரம் யோசித்துப் பாருங்கள்.

ரஞ்சினி


பண்டாரவளை
18.05.2024

தங்கச்சி,

இன்று காலைதான் உன் கடிதம் கிடைத்தது. உடனே எழுதுகிறேன்.

இரண்டாம் பாதையில் போ. டொக்டரிடம் நீயே சொல், கசத்துக்கான மருந்துதான் வேண்டும் என்று. ஜூன் பத்துவரை இருக்காதே. குளிசையை விடிய வெறுவயிற்றில் போட வேண்டும், போட்டு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகே சாப்பாடு. முதல் கிழமை வயிற்றைப் பிரட்டும், அதற்காக நிறுத்தாதே. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். இரத்தம் என்று பயப்படாதே, அது மருந்தின் நிறம். இப்படியெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன்.

வலக்கண் போகாது. போகக்கூடாது.

அண்ணன்


உடுவில்
23.05.2024

அண்ணைக்கு,

சுகம் விசாரிக்கிற பகுதியை இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன். போன் மூன்று நாளாக அடிக்கிறது, நீங்கள் எடுக்கவில்லை. ஆகவே கடுகதித் தபாலில் அனுப்புகிறேன்.

கேள்விப்பட்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரிடம்? நாற்பத்தொன்பது வயதில் கல்யாணம் காட்சி இல்லாமல் மலை உச்சியில் மழை அளக்கிறவருக்கு, மூத்திரம் செம்மஞ்சளாகும் கதையை யார் வந்து சொன்னது?

தரவுகளை எழுதுகிறேன். ஒன்று, ஏப்ரலில் நீங்கள் அனுப்பிய வருத்தப் பட்டியலில் பெரியப்பாவின் கண்புரையும் ஐரிஸ் மாமியின் கழலையும் இருக்கிறது, உங்கள் முட்டு இல்லை. இரண்டு, தொண்ணூற்றைந்தில் ஊரோடு இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் மார்க்கண்டர் கடையின் தேங்காய் அறையில் நாங்கள் நாலு பேரும் ஆறு மாதம் இருந்தோம். அங்கேதான் உங்களுக்கு முட்டு வந்தது. அதற்கு முந்தி உங்களுக்கு முட்டு இருந்ததில்லை. மூன்று, அம்மா உங்களுக்குத் தனிப் பேணி வைத்தா. நான் அதில் ஒரு நாள் குடித்ததற்கு, என்றைக்கும் அடிக்காத அம்மா அடித்தா. நாலு, நீங்கள் கிழமைக்கு இரண்டு தரம் மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் பருத்தித்துறைப் பக்கம் போனீர்கள். எங்கள் லாம்பு எரிந்ததாக எனக்கு நினைவில்லை. ஐந்து, இன்றைக்கும் அந்தப் பேணியோடு திரிகிறீர்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறீர்கள், அண்ணை. நான் கணிதம் படிப்பிக்கிறவள், இருபத்தெட்டு வருடம் அதே சோற்றைத் தின்றிருக்கிறேன். ஆனால் என் ஊகத்தை வைத்து டொக்டர் மருந்து எழுதமாட்டாள். அவளுக்குச் செய்கை வேண்டும்.

ஒரே கேள்வி. ஓமா, இல்லையா?

ரஞ்சினி


பண்டாரவளை
27.05.2024

என் தங்கச்சி,

ஓம்.

இதனுடன் உள்ள என் மருந்து அட்டையைத் தக்சாயினி டொக்டரிடம் கொடு. 1996 ஜனவரி தொடக்கம் செப்தெம்பர் வரை எட்டு மாதம். ஒரு நாளும் தவறவிடவில்லை, கட்டங்களில் கையெழுத்து இருக்கிறது. முதல் பக்கத்தில் சளிப் பரிசோதனை முடிவு எழுதியிருக்கிறார்கள். தொற்றும் வகை.

அந்த அறையில் ஒரே ஒரு யன்னல். ஷெல்லுக்குப் பயந்து அப்பா அதை மண்மூட்டையால் அடைத்தார். நான் இருமத் தொடங்கி மூன்று மாதம் தடிமன் என்று இருந்துவிட்டோம். பருத்தித்துறைக் கிளினிக்கில் வீட்டுக்காரர் எல்லோரையும் பரிசோதனைக்குக் கூட்டிவரச் சொன்னார்கள். அம்மா விடவில்லை. “வெளியிலை தெரிஞ்சால் பெட்டைக்கு ஒரு இடமும் சரிவராது. முட்டு எண்டே சொல்லு” என்று வேதாகமத்தின் மேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினா. உனக்கு அப்போது பதின்மூன்று வயது. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கலியாணத்துக்காக அவளுக்கு மருந்து கொடுக்காமல் விட்டோம். அன்றே உன்னைப் பரிசோதித்திருந்தால் உன் கண் இன்றைக்கு முழுதாக இருக்கும்.

பிளேன் வரும்போது நீ என் பக்கம் வந்து ஒட்டிப் படுப்பாய். நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பேன். “அண்ணைக்கு என்னிலை கோவம்” என்று அழுதாய். கோபம் இல்லை, ரஞ்சினி. இருமல்.

எனக்குச் சுகம் வந்துவிட்டது என்று டொக்டர்மார் எழுதித் தந்தார்கள். நான் நம்பவில்லை. அதனால்தான் இந்த மலைக்கு மாற்றம் கேட்டு வந்தேன். உன் பிள்ளையைக் கையில் தூக்காமல் இருந்ததும் அதனால்தான். அம்மா போனபிறகு சத்தியம் முடிந்துவிட்டதென்று சொல்ல நினைத்தேன். மார்ச்சில் உன் கடிதம் வந்த அன்று அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். உன் கண்ணைக் கெடுத்தவன் நான் என்று எழுத வேண்டுமே என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன். அந்த நாட்களில் உன் சதுரம் முப்பத்தொன்றாயிற்று. அதுவும் என் கோவையில் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. வலக்கண் எப்படி என்று மட்டும் எழுது.

அருள்நேசன்


உடுவில்
08.09.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் மூவரும் சுகம். இந்த முறை கண்ணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்று மாதத்துக்கு மேலாக எழுதவில்லை. தபாலைக் குற்றம் சொல்லமாட்டேன். கோபம். அம்மாவோடு கோபிக்க அவ இல்லை, ஆகவே அவவின் பங்கும் உங்களுக்கு வந்தது. உங்கள் அட்டையை எடுத்து எடுத்து வாசித்தேன். பதின்மூன்று வயதில் நான் எங்கே கலியாணம் கேட்டேன் என்று பிறேமோடு சண்டை பிடித்தேன். பாவம் மனிசன், அவருக்கு எட்டாத வழக்கு.

இனி விபரம். அட்டையைக் கொண்டுபோன அன்று தக்சாயினி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். “பதினொரு மில்லிமீற்றருக்கு இப்பதான் அர்த்தம் வருது” என்றாள். ஜூன் பத்துவரை நிற்கவில்லை. நெஞ்சு டொக்டரைப் போனில் பிடித்து, மறுநாளே நாலு மருந்து, கூடவே ஸ்டீரொயிட். அந்த நாலில் ஒன்று கண் நரம்பைத் தொடக்கூடியதாம், மாதாமாதம் நிறம் காட்டிச் சோதிக்கிறாள். சிறுநீர் செம்மஞ்சள். நீங்கள் சொன்னபடியே நான் பயப்படவில்லை.

முதல் மாதம் முப்பத்தொன்று. இரண்டாம் மாதமும் முப்பத்தொன்று. நேற்றும் அதே. ஊர்ந்த ஓரம் நின்றுவிட்டது, புள்ளிகள் வெறும் தழும்பாகிவிட்டன. அந்த முப்பத்தொன்று திரும்பி வராது. தக்சாயினி அதை ஒளிக்கவில்லை, நானும் உங்களுக்கு ஒளிக்கவில்லை. ஆனால் வலக்கண்ணைப் பாருங்கள். பின்பக்கத்தில் இரண்டாவது படம், ஒரு சதுரமும் நிரப்பாத வெறும் தாள். நான் வாழ்க்கையில் கீறிய படங்களில் அதுதான் வடிவு. பலகையில் கோடு நேராக நிற்கிறது. சந்தேகம் வந்தால் இடக்கண்ணைப் பொத்துகிறேன்.

இன்னொன்றும் செய்தேன். பழைய படிவத்தைக் கேட்டு வாங்கி, “இல்லை” என்பதை வெட்டி, “அண்ணன், 1996, முற்றாகக் குணம்” என்று எழுதினேன். ரியூட்டரியிலும், கோயிலிலும், கேட்டவர் எல்லோரிடமும் கசத்துக்கு மருந்து எடுக்கிறேன் என்றே சொல்கிறேன். ஐரிஸ் மாமி ஓடிவந்தா. “உனக்கென்ன விசரே? நாளைக்கு டிலக்ஷிக்குக் கலியாணம் பேச வேண்டாமோ?” என்றா.

“ஓம் மாமி, பேச வேணும். அவளுக்கு இரண்டு கண்ணும் இருக்கவேணும் எண்டுதான் சொல்லுறன்” என்றேன். மாமி தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டா. டிலக்ஷியையும் பிறேமையும் பரிசோதித்தாயிற்று, ஒன்றும் இல்லை.

உங்களைப் பற்றியும் தக்சாயினியிடம் கேட்டேன். இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தி முழு மருந்தும் முடித்த மனிதரிடமிருந்து இப்போது யாருக்கும் எதுவும் தொற்றாது. அன்றும் பேணியால் தொற்றவில்லை, அறைக் காற்றால்தான். அந்தப் பேணி ஒரு நாளும் குற்றவாளி இல்லை. அதைக் கழுவிக் கழுவி இவ்வளவு வருடம் வீணாக்கினீர்கள்.

நீங்கள் என் கண்ணைக் கெடுத்ததாக எழுதினீர்கள். இடக்கண்ணுக்கு உங்களில் பாதிக் குற்றம் இருக்கிறது, மீதி அம்மாவுக்கும் ஊருக்கும். நான் மறக்கவில்லை. ஆனால் வலக்கண்ணைக் காப்பாற்றியது அந்த அட்டை. இருபத்தெட்டு வருடம் அதை எரிக்காமல் வைத்திருந்தவர் நீங்கள். கழித்துப் பார்த்தால் எனக்கு ஒரு அண்ணன் மிச்சம்.

நத்தாருக்கு வாருங்கள். இரவு தங்க வேண்டும். ஒரு இரவு போதாது.

அன்புத் தங்கை,
ரஞ்சினி


பண்டாரவளை
09.12.2024

அன்பின் தங்கச்சிக்கு,

நான் நலம். நீங்களும் நலமென்று உன் வெறும் தாளைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன். அதைக் கோவையில் வைக்கவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்துக்கு மூன்று மாதமாகப் பதில் எழுதத் தொடங்கி, கிழித்து, தொடங்கி, கிழித்தேன். கடைசியில் விடுமுறைக் கடிதம்தான் எழுத முடிந்தது. பத்து நாள் கேட்டேன், தந்துவிட்டார்கள். மழைமானியைப் பொடியன்மார் பார்த்துக்கொள்வார்கள்.

இருபத்துமூன்றாம் திகதி காலை யாழ்ப்பாணம் வந்து சேருவேன். பஸ் நிலையத்துக்குப் பிறேமை அனுப்பு. பையில் உடுப்பும் டிலக்ஷிக்குப் பேர்ஸ் பழமும் இருக்கும்.

தேத்தண்ணிக்கு உங்கள் வீட்டில் ஒரு பேணி எடுத்து வை. நான் கொண்டுவரவில்லை.

அண்ணை,
அருள்நேசன்